எத்தனை பேர்? யார் யார்?: விளையாட்டரங்க வாசலில் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

ஒரு பெரிய உதைபந்தாட்டப் போட்டிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு உங்கள் கைபேசியில் இருக்கிறது. அதை வாங்கும்போதே பெயர், மின்னஞ்சல், வங்கி அட்டை விவரம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்கள். ரயில் நிலையத்திலிருந்து அரங்கம் வரைக்கும் கமராக்கள். வாசலில் பையைத் திறந்து காட்டுகிறீர்கள். சில நகரங்களில் தெருவோரம் நிற்கும் பொலிஸ் வாகனம் ஒன்று உங்கள் முகத்தையும் அளந்து பார்க்கிறது. தொண்ணூறு நிமிட ஆட்டம் பார்க்க இவ்வளவும்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். "பிழை செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பது ஒன்று. "எல்லாம் எங்களை வேவு பார்க்கத்தான்" என்பது மற்றது. நான் பொறியியல் படித்தவன். யார் எந்தக் கட்டடத்துக்குள் போகலாம், எந்தக் கணினியைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் மென்பொருட்களோடுதான் என் வேலை நாட்கள் கழிகின்றன. எனக்கு இந்த இரண்டு பதில்களுமே போதவில்லை. ஆகவே, இந்தச் சண்டை முதலில் எங்கே நடந்தது என்று தேடிப் போனேன். அது நான் பிறந்து வளர்ந்த இங்கிலாந்திலேயே, என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த அந்த 80களிலேயே நடந்திருக்கிறது.

அட்டை இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை

1985 ஆங்கில உதைபந்தாட்டத்துக்கு மிக மோசமான ஆண்டு. மார்ச் 13 அன்று லூட்டன் நகரில் நடந்த போட்டியில் மில்வோல் கழக ரசிகர்கள் சிலர் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து பெரும் கலவரம் செய்தார்கள். மே 11 அன்று பிராட்ஃபோர்ட் அரங்கில் மரத்தாலான பார்வையாளர் மேடை தீப்பற்றி 56 பேர் இறந்தார்கள். மே 29 அன்று பெல்ஜியத்தின் ஹெய்செல் அரங்கில், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்தபோது சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர்.

இவை மூன்றும் ஒரே மாதிரியான சம்பவங்கள் அல்ல. ஒன்று கலவரம், ஒன்று தீ விபத்து, ஒன்று வன்முறையும் பாழடைந்த கட்டடமும் சேர்ந்து விளைவித்த சாவு. ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் அவை மூன்றும் ஒரே பிரச்சினையாகத் தெரிந்தன: ரசிகன் ஆபத்தானவன், அவனைக் கட்டுப்படுத்த வேண்டும்.

லூட்டன் கழகம் முதலில் ஒரு வழி கண்டது. 1986இல் வெளியூர் ரசிகர்களை முற்றாகத் தடை செய்தது. உள்ளூர் ஆட்களும் உறுப்பினர் அட்டை வைத்திருந்தால்தான் உள்ளே போகலாம். வெளியூர் ரசிகர்களை அனுமதிக்க மறுத்ததற்காக அந்தப் பருவத்தின் லீக் கிண்ணப் போட்டியிலிருந்தே லூட்டன் நீக்கப்பட்டது. ஆனாலும் பிரதமர் மார்கரட் தட்சருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீக் போட்டி பார்க்க விரும்பும் ஒவ்வொருவரும் பதிவு செய்து அடையாள அட்டை எடுக்க வேண்டும், வாசலில் கணினி அதைச் சரிபார்க்க வேண்டும், குழப்பக்காரனின் அட்டை இரத்தாகும் என்று ஒரு சட்டமூலம் 1989 தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. உதைபந்தாட்டப் பார்வையாளர் சட்டம் என்பது அதன் பெயர்.

கவனியுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு அடையாள அட்டையே கிடையாது. போர்க்காலத்தில் கொடுத்த அட்டைகளும் 1952இல் ஒழிக்கப்பட்டுவிட்டன. தேர்தலில் வாக்களிக்க அட்டை தேவையில்லை, பந்தாட்டம் பார்க்க மட்டும் தேவை என்ற நிலை வரவிருந்தது.

1989 ஏப்ரல் 15

சட்டமூலம் நாடாளுமன்றத்தில் இருக்கும்போதே ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலும் நொட்டிங்ஹம் ஃபொரஸ்டும் மோதிய அரையிறுதி ஆட்டம் வந்தது. லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கான சீட்டுகளை வைத்திருந்த லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்களுக்கென்று ஒதுக்கிய சுழல்வாயில்கள் ஏழு.

வெளியே நெரிசல் உயிராபத்தாக மாறியது. பிற்பகல் 2.52க்கு, பொலிஸ் அதிகாரியின் உத்தரவுப்படி சி என்ற பெரிய வெளியேறும் வாயில் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்த கூட்டத்துக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப் பாதை. அது ஏற்கெனவே நிரம்பிய மூன்றாம், நான்காம் அடைப்புகளுக்குள் கொண்டுபோய் விட்டது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் யாரும் வழிகாட்டவில்லை, சுரங்கப் பாதையை யாரும் மூடவில்லை. முன்னால் இருந்தது இரும்பு வேலி, ரசிகர் மைதானத்துக்குள் இறங்காமல் தடுக்கப் போட்டது. 3.06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. இறந்தவர்கள் 97 பேர். மிகவும் இளையவருக்கு வயது 10.

அன்று கமராக்கள் இல்லாமலா இருந்தன? இருந்தன. பொலிஸ் கட்டுப்பாட்டு அறையில் திரைகள் இருந்தன. அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தாலே அந்த அடைப்புகள் தெரியும். ஆனால் அங்கிருந்தவர்களின் மனம் குழப்பக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது, மூச்சுத் திணறும் மனிதர்களை அல்ல. சுழல்வாயில்களில் எண்ணும் கருவியும் இருந்தது. அது அந்தப் பக்கத்துக்குள் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும். எந்த அடைப்பில் எத்தனை பேர் என்று சொல்லாது.

ஒரு சின்னக் கணக்கு

விசாரணை நடத்த நியமிக்கப்பட்டவர் நீதியரசர் பீட்டர் டெய்லர். இடைக்கால அறிக்கை 1989 ஓகஸ்டிலும் இறுதி அறிக்கை 1990 ஜனவரியிலும் வந்தன. முக்கிய காரணம் பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே என்று அவர் எழுதினார். அடையாள அட்டைத் திட்டத்தையும் அவர் அலசினார். அதற்குள் சட்டமூலம் 1989 நவம்பரில் நிறைவேறிவிட்டது. அப்படியிருந்தும் அது வேண்டாம் என்றார்.

அவர் முதலில் எடுத்தது தனியுரிமை வாதம் அல்ல, பாதுகாப்பு வாதம். என் போன்ற ஆட்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

அக்காலப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி ஒரு சுழல்வாயில் வழியாக மணிக்கு அதிகபட்சம் 750 பேர் போகலாம். அதாவது ஆளுக்கு 4.8 விநாடி. 10,100 பேரை ஏழு வாயில்களுக்குப் பிரித்தால் வாயிலுக்கு ஏறக்குறைய 1,443 பேர். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 1 மணி 55 நிமிடம் வேண்டும். இப்போது அட்டையைக் கணினி சரிபார்க்க ஆளுக்கு இரண்டே இரண்டு விநாடி கூடுதலாக எடுக்கிறது என்று வையுங்கள். 4.8 என்பது 6.8 ஆகும். மணிக்கு 529 பேர். மொத்தம் 2 மணி 43 நிமிடம். இரண்டு விநாடிச் சோதனையால் வாசலில் 48 நிமிட நெரிசல் கூடுகிறது. மழை நாளில் இயந்திரம் பழுதானால்? அட்டையை மறந்தவர் வரிசை நடுவில் நின்று வாதாடினால்?

மக்களைப் பாதுகாக்கப் போடும் சோதனையே மக்களைக் கொல்லலாம் என்பதுதான் டெய்லரின் கவலை. அத்தோடு, கலகக்காரரை அது பெரிதாகக் கட்டுப்படுத்தும் என்றும் அவர் நம்பவில்லை. அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. அந்த அட்டை நடைமுறைக்கு வரவே இல்லை.

இங்கேதான் தலைப்பில் உள்ள இரண்டு கேள்விகளும் பிரிகின்றன. ஹில்ஸ்பரோவில் உயிர்களைக் காப்பாற்றத் தேவைப்பட்ட கேள்வி "மூன்றாம் அடைப்புக்குள் எத்தனை பேர்?" என்பது. அரசாங்கம் பல கோடி செலவில் விடை தேட இருந்த கேள்வி "அவர்கள் யார் யார்?" என்பது. 97 பேரின் பெயரும் முகவரியும் ஒரு தரவுத்தளத்தில் இருந்திருந்தாலும் அவர்களில் ஒருவர்கூடத் தப்பியிருக்க மாட்டார்.

இறந்தவர்களின் தரவு

ஹில்ஸ்பரோ கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2012 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ சுயாதீனக் குழு, மறைக்கப்பட்டிருந்த ஆவணங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 164 பொலிஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116இல் பொலிஸாருக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. இறந்த எல்லோரிடமிருந்தும், சிறுவர்கள் உட்பட, மதுவின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. யாருடைய இரத்தத்தில் சிறிதளவேனும் மது இருந்ததோ, அவர்களின் பெயர்களைப் பொலிஸ் தேசியக் கணினியில் போட்டுப் பழைய குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று தேடியிருந்தார்கள். இறந்தவர்களின் பெயரைக் கெடுக்க நடந்த முயற்சி அது என்று குழு சொன்னது. சம்பவம் நடந்த இரவு, அரங்கத்தின் கமரா அறையிலிருந்து இரண்டு ஒளிநாடாக்கள் காணாமல் போயின. அவை இன்றுவரை கிடைக்கவில்லை. ரசிகர்கள்மீது தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2016 ஏப்ரலில்தான் வந்தது. 27 ஆண்டுகள்.

குற்றவாளிகளைப் பிடிக்கக் கட்டிய தரவுத்தளம் ஒன்று, இறந்த பிள்ளைகளைக் குற்றவாளியாக்கத் திறக்கப்பட்டது. "பிழை செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

நம் பெற்றோருக்கு இது புதிய பாடம் அல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததாகப் பல சாட்சியங்கள் பதிவாகியுள்ளன. வாக்களிக்கத் தயாரித்த பட்டியல் அது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை, ஏதாவது படிவத்தில் பெயர் எழுதும்போது இன்றும் கொஞ்சம் தயங்குகிறதென்றால் அது அறியாமை அல்ல. ஒரு பட்டியலை எந்த நோக்கத்துக்காக எழுதுகிறார்கள் என்பது முதல் நாள் கேள்வி. பிற்பாடு அதை யார் கையில் எடுப்பார்கள் என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி.

முகமே அட்டையான கதை

அட்டை போனது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் இன்னொன்று வந்தது. 2001 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் டம்பா நகரில் சூப்பர் போல் இறுதியாட்டம் நடந்தது. வாயில்கள் வழியாக நுழைந்த ஏறக்குறைய ஒரு இலட்சம் பேரின் முகங்களைக் கமராக்கள் படம்பிடித்துப் பொலிஸ் தரவுகளோடு ஒப்பிட்டன. பார்வையாளர்கள் இதைப் பிற்பாடு செய்தித்தாள்களில்தான் அறிந்துகொண்டார்கள். 19 பேர் பொருந்தியதாகக் கணினி சொன்னது. கைது ஒன்றும் இல்லை. பின்னர் அதே நகரப் பொலிஸ் தெருக்களிலும் இந்த முறையைப் பரீட்சித்துப் பார்த்து, பலனில்லை என்று 2003இல் நிறுத்தியது.

2017 ஜூன் 3 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். யுவென்டஸ், ரியல் மட்ரிட். பொலிஸாரின் அச்சத்தையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர்தான் மான்செஸ்டர் இசை நிகழ்ச்சியில் குண்டு வெடித்து 22 பேர் இறந்திருந்தார்கள். இறுதியாட்டம் நடந்த அதே இரவில் இலண்டன் பாலத்தில் தாக்குதல் நடந்தது. அந்தச் சூழலில் தென் வேல்ஸ் பொலிஸ் முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது. 2,470 முறை "பொருந்துகிறது" என்று கணினி எச்சரித்தது. அவற்றில் சரியானவை 173. பிழையானவை 2,297. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கும் மேல்.

கணினி அவ்வளவு மோசமா? பாதிப் பதில்தான் அது. மற்றப் பாதி கணிதம். ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு இலட்சம் பேர் வருகிறார்கள், அவர்களில் உண்மையாகத் தேடப்படுவோர் பத்துப் பேர். கணினி ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகப் பிடிக்கும், மிக நல்ல கணினி. அப்படியும் நிரபராதிகள் நூறு பேர் மாட்டுவார்கள். பத்துப் பேரும் பிடிபட்டாலும், எச்சரிக்கை மணி அடிக்கும் 110 முறைகளில் 100 முறை பிழையாகவே இருக்கும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தேடப்படுவோர் அரிதாக அரிதாக, இந்த விகிதம் மோசமாகும். விளையாட்டரங்கம் என்பது அப்படிப்பட்ட இடம்தான்.

மாட்டுகிற அந்த நூறு பேர் யார்? 2019 டிசம்பரில் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் பல மென்பொருட்களைச் சோதித்தது. ஆசிய, ஆபிரிக்க வம்சாவளியினரின் முகங்களில் தவறான பொருத்தம், வெள்ளையரைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்ததைப் பல மென்பொருட்களில் கண்டது. எல்லா மென்பொருளும் அப்படியல்ல, சில நன்றாகவே செய்தன. ஆனால் வாசலில் நிற்கும் உங்களுக்கு எந்த மென்பொருள் ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

கார்டிஃப் வாசி ஒருவர் தென் வேல்ஸ் பொலிஸ்மீது வழக்குப் போட்டார். 2019இல் தோற்றார். 2020 ஓகஸ்ட் 11 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, கமராவை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கப் பொலிஸாருக்கு அளவுக்கு மீறிய சுதந்திரம் இருந்தது. மென்பொருள் இனத்தின்படியோ பாலின்படியோ பாரபட்சம் காட்டுகிறதா என்று அவர்கள் போதிய அளவு சோதிக்கவும் இல்லை. தொழில்நுட்பமே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

மறுபக்கம்

இதுவரை வாசித்துவிட்டு, கமராவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

2015 நவம்பர் 13 அன்று பரிஸின் ஸ்டாட் டு பிரான்ஸ் அரங்குக்கு வந்த மூன்று தற்கொலைக் குண்டுதாரிகள் அரங்கத்துக்கு வெளியேதான் குண்டுகளை வெடித்தார்கள். வழிப்போக்கர் ஒருவர் இறந்தார். உள்ளே பல்லாயிரம் பேர் இருந்தார்கள். 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தின்போது சுமார் 2,000 பேர் சீட்டில்லாமல் உள்ளே புகுந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வாயில்களும் அவசரக் கதவுகளும் 17 முறை உடைக்கப்பட்டன. உயிர்கள் போகாதது அதிர்ஷ்டம்.

அதைவிடவும் என்னை யோசிக்க வைத்தது 2022 மே 28. அதே ஸ்டாட் டு பிரான்ஸ். லிவர்பூல், ரியல் மட்ரிட் இறுதியாட்டம். ரசிகர்கள் வாசலில் மணிக்கணக்கில் நெரிசலில் நின்றார்கள், கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. போலிச் சீட்டுகளோடோ சீட்டே இல்லாமலோ முப்பது, நாற்பதாயிரம் ஆங்கிலேயர் வந்ததாக உள்துறை அமைச்சர் சொன்னார். வாயிலில் உண்மையில் பதிவான போலிச் சீட்டுகள் சுமார் 2,600. கமராப் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே? யாரும் சட்டப்படி கேட்காததால் அரங்கத்தின் பதிவுகள் ஏழு நாட்களில் தானாகவே அழிந்துவிட்டன. அதைச் சொன்னபோது பிரெஞ்சு செனட் சபையே அதிர்ந்தது. 2023 பெப்ரவரியில் வெளிவந்த சுயாதீன அறிக்கை, முதன்மைப் பொறுப்பு ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்துடையது என்றது. பெரும் சாவு நேராமல் தடுத்தது ரசிகர்களின் பொறுமை என்றும் சொன்னது.

தனியுரிமைக்காகப் போட்ட அழிப்பு விதி, அன்று ரசிகர்களுக்கு வேண்டிய சாட்சியை அழித்தது. 1989இல் நாடாக்கள் களவு போயின, 2022இல் விதிப்படி மறைந்தன. ஆகவே "குறைவாகச் சேமி" என்ற ஒரு வரியோடு வேலை முடிவதில்லை. ஏதாவது நடந்தால் உடனே பதிவுகளைப் பூட்டி, சுயாதீனமான ஒருவரிடம் ஒப்படைக்கும் விதியும் அதனோடு வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

2024 பரிஸ் ஒலிம்பிக்குக்காக பிரான்ஸ் 2023 மே மாதம் ஒரு சட்டம் போட்டது. கமராப் படங்களை மென்பொருள் அலசலாம். ஆனால் கைவிடப்பட்ட பை, தீ, விழுந்து கிடக்கும் மனிதர், அதிக நெரிசல் போன்ற குறிப்பிட்ட எட்டு விடயங்களை மட்டுமே தேடலாம். முக அடையாளம் கூடாது. சோதனைக் காலம் 2025 மார்ச் 31 வரை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். தற்காலிகம் என்று வருவது நிரந்தரமாகிவிடும் என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சினார்கள், அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் "எத்தனை பேர்?" என்பதையும் "யார் யார்?" என்பதையும் சட்டமே பிரித்துப் பார்த்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சில வேளைகளில் "யார்?" என்பதும் தேவைதான். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டைப் பகுதி செத்துப்போனாலும், அதன் இன்னொரு பகுதியிலிருந்து வளர்ந்த உதைபந்தாட்டத் தடை உத்தரவுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வன்முறை செய்த ஒருவரை நீதிமன்றம் 3 முதல் 10 ஆண்டு வரை போட்டிகளிலிருந்து விலக்கலாம். அங்கே ஒரு நீதிபதி இருக்கிறார், ஆதாரம் இருக்கிறது, முடிவுத் திகதி இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. எல்லோருடைய முகத்தையும் அளப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே அடுத்த முறை ஏதாவது ஒரு அரங்கமோ அரசாங்கமோ புதிய சோதனை ஒன்றைக் கொண்டுவந்தால் நான் கேட்கும் கேள்விகள் இவை. இது எண்ணுகிறதா, அடையாளம் காண்கிறதா? ஆளுக்கு எத்தனை விநாடி எடுக்கிறது, அது பழுதானால் வரிசைக்கு என்ன ஆகும்? பட்டியலில் பெயரைச் சேர்ப்பவர் யார், நீக்குபவர் யார்? எப்போது அழிப்பார்கள், விபத்து நடந்தால் யார் பாதுகாப்பார்கள்? என் போன்ற முகங்களில் சோதித்தார்களா?

பிரித்தானியாவிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ இருப்பவர்கள் கேட்பதோடு நிற்க வேண்டியதில்லை. உங்களைப் பற்றி ஒரு கழகமோ சீட்டு விற்கும் நிறுவனமோ என்ன தரவு வைத்திருக்கிறது என்று எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. பொதுவாகக் கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் ஆதரிக்கும் கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். வரும் பதிலை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். பட்டியல்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நிறைய.